பாதாள பாத்ரூமில் கிட் இன்ஸ்பெக்‌ஷன்

இனிமேல் பலசரக்குக் கடைக்குள் நின்று குளிப்பதில்லை என்று ஓய்வுபெற்ற ஹவில்தார் பாண்டிதுரை சபதம் எடுத்தது, ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலை நிறைய நுரையோடு. அது ஷாம்பு நுரை இல்லை. ஷாம்பு என்று நினைத்து அவர் உச்சந்தலையில் கவிழ்த்தது பாத்திரம் விளக்குகிற திரவம். எலுமிச்சை வாசனை கமகமவென்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம். கண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"ஏட்டி மாரிக்கனி! பாத்திரம் விளக்குத சாமானுக்கு பாத்ரூம்ல என்னட்டி சோலி?"

"பாத்திரத்துக்கே அங்கனதான சோலி!" என்று மனைவியின் குரல் வெளியிலிருந்து வந்தது. "அடுப்படித் தொட்டி ஒழுகுதுன்னு மூணு வருசமாச் சொல்லுதேன். பொறவு பாப்போம், பொறவு பாப்போம்னீக. எனக்கு வேற எடம் ஏது? செத்த சீக்கிரம் வாங்க, மீன்சட்டி உள்ள கெடக்கு."

மீன்சட்டி கிடந்தது. அவருடைய காலடியில், ஊறிக்கொண்டு.

பாண்டிதுரை இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். தன் உடைமை மொத்தத்தையும் ஒரே ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காஷ்மீர் வரைக்கும் போய் வந்தவர். அவர் இப்போது குளிக்கிற இடத்தில் ஐந்து வாளி. அதில் மூன்றுக்குக் கைப்பிடி இல்லை. சுவரில் பாதி கிழித்த ஷாம்பு பாக்கெட்டுகள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை எல்லாம் ஒன்றாக அழுத்தி மாரிக்கனி செய்த உருண்டை ஒன்று மாடத்தில் இருந்தது. அது என்ன வாசனை என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கதவைச் சாத்திப் பத்து நிமிஷம் ஆனால் நாலு தடவை தட்டுவாள். கரண்டி வேணும், வாளி வேணும், துவைக்கிற பிரஷ் வேணும். நாட்டைக் காத்தவனுக்குத் தன் வீட்டில் சாத்தினால் சாத்தினபடி கிடக்க ஒரு கதவு இல்லை. அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு கதவுக்குத்தான். அரை மணி நேரம், யாரும் தட்டாமல்.

அந்த வாரம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவருடைய குளியலறை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, ஒரு குழாய். அவ்வளவுதான். அதற்குப் பெயர் மினிமலிஸமாம். பட்டாளத்துக்காரனுக்கு இதைப் போய் வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டார்.

இடமும் தயாராக இருந்தது. ராஜபாளையத்தில் அவர்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு, அதன் தலைமேல் அடுத்த ரோடு என்று போட்டுப் போட்டு, வாசல் பள்ளமாகிப் போனது. வீட்டை உயர்த்திக் கட்டினார்கள். பின்பக்கத்துப் பழைய பாத்ரூம் மட்டும் ஏழு படி கீழே பாதாளத்தில் மாட்டிக்கொண்டது. பின்னால் நிலம் இன்னும் சரிவு என்பதால் தண்ணீர் தேங்காது. நாலடிக்கு ஆறடி. இத்தனை வருஷமாக அங்கே குடியிருந்தவை ஒரு உடைந்த மின்விசிறியும் சில தேள்களும்தான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அறிவித்தார். "கீழ பாத்ரூம எனக்குன்னு புதுசா கட்டப் போறேன். மினிமல். உள்ள ஒரு துரும்பு இருக்கப்படாது. எது இல்லாம மனுசன் குளிக்க முடியுமோ, அது உள்ள வரக்கூடாது. இதான் ஆர்டர்."

சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னார். மாரிக்கனி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தாராளமா கட்டுங்க. நீங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் மீன்சட்டியோட குளிப்பீக?" என்றாள்.

முப்பது வருஷத்தில் மாரிக்கனி ஒரு விஷயத்துக்கு உடனே சரி என்று சொன்னது அதுவே முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகி இருப்பான். பாண்டிதுரை இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார்.

கொத்தனார் ஹபீப் ரகுமானை வரச் சொன்னார்கள். கல், டைல்ஸ், பிளம்பிங் எல்லாம் அவரே பார்ப்பார். அளவு எடுத்தார், "செஞ்சிரலாம் அண்ணாச்சி" என்றார், போனார். அதிகம் பேசாத மனுஷர். அந்த வெள்ளிக்கிழமை சாமான் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போனபோது மாரிக்கனியும் கூடவே பஸ் ஏறினாள். "நான் ஒண்ணும் பேசமாட்டேன். சும்மா பாக்க வாரேன்."

கடையில் நன்றாகவே பேசினாள். ஆனால் எல்லாம் அவர் பக்கம். வெள்ளை டைல்ஸ் அவர் தொட்டதும், "அய், அம்சமா இருக்கே!" என்றாள். வழவழப்பான கறுப்புக் கல் ஒன்றைக் காட்டி, "பேசினுக்கு அடியில இத வச்சா உங்க வீடியோகாரன் தோத்தான்" என்றாள். பேசின் ஆழமாக இருந்தால் தண்ணீர் தெறிக்காது, குழாய் கொக்குக் கழுத்தாக இருந்தால் முகம் இடிக்காது, கீழறைக்குக் காற்றோட்டம் வேண்டாமா, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், வயசாகுதே, ஒரு கீசரும் வாங்குங்கள் என்று அவருக்காக அவ்வளவு கரிசனம். பாண்டிதுரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைக்காரர் ஒரு ஷவரை இனாமாகவே கொடுத்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் லோடு ஆட்டோவில் சாமான் வந்து இறங்கியது. அங்கேதான் பட்டாளத்துப் புத்தி குறுக்கே வந்தது. எதையும் கிட் இன்ஸ்பெக்‌ஷன் என்கிற சாமான் சோதனை இல்லாமல் உள்ளே ஏற்றக் கூடாது. கொல்லையில் தார்ப்பாயை விரித்தார். எல்லாச் சாமான்களையும் வரிசையாக நிறுத்தினார். எண்ணிப் பார்த்தார், அளந்துதான் பார்க்கவில்லை. அத்தோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பார். ஆனால் அவருடைய பட்டாளக் கம்பெனியில் தன் கிட்டைத் தானே இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிற வழக்கம் கிடையாது. இன்னொருத்தர்தான் பார்க்க வேண்டும். ஹபீப் ரகுமான் வேலைக்காரர், அவர் பார்க்கக் கூடாது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

"மாரிக்கனி, இங்க வா. நீதான் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர். நீ அவுட்னு சொன்னா அவுட்டு. அப்பீல் கிடையாது."

"எனக்கு என்ன தெரியும்? நான் பட்டாளமா, பாதுசாவா?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன கேக்கணும்?"

"இது இல்லாம குளிக்க முடியுமான்னு கேளு. அம்புட்டுதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ராத்திரியில் கத்திக் கெடும். இவர் பட்டப்பகலில், அட்டென்ஷனில் நின்றுகொண்டு கெட்டார்.

"இந்தக் கறுப்புக் கல்லு. இது இல்லாம குளிக்க முடியுமா?"

"முடியும், ஆனா பேசின வைக்கதுக்கு..."

"முடியும்னு சொல்லிட்டீக. அவுட்டு. அடுத்தது பேசின்."

"கல்லே போச்சு, பேசின் எது மேல நிக்கும்?" என்று அவரே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

"சரியாச் சொன்னீக. பேசின் இல்லாம அந்தக் கொக்குக் குழாயி எதுக்கு? மூணும் அவுட்டு. தம்பி ஹபீப், ஓரமா எடுத்து வையிங்க. இது என்ன, காத்தாடியா?"

"எக்ஸாஸ்ட் ஃபேன். காத்து வரும்."

"நீங்க நிம்மதி வேணும்னுதான இம்புட்டும் பண்ணுதீக? இது காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இரையும். வேணுமா?"

ஃபேனும் ஓரத்துக்குப் போனது. அவள் கீசர் அட்டைப்பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"இது இல்லாம முடியவே முடியாது!" என்று பாண்டிதுரை முந்திக்கொண்டார்.

"முடியாதா?" மாரிக்கனி அதிசயப்பட்டாள். "ஏன் தம்பி, லடாக்குல அவிய எப்படிக் குளிச்சாவன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காவளா?"

ஹபீப் ரகுமான் தயங்கினார். "சொல்லியிருக்காக மதினி. ஐஸக் கோடாலியால ஒடச்சு, அந்தத் தண்ணிய அப்படியே தலையில ஊத்துவாகளாம். பல்லு கூடக் கிட்டாதாம்."

"வன்னியம்பட்டி கல்யாணத்துல சொன்னாவ. எங்க அண்ணன் சிவபாண்டி வீட்டு விசேசத்துல மைக்கப் பிடிச்சே சொன்னாவ. அப்பேர்ப்பட்ட ஆளு ராஜபாளையத்துத் தண்ணிக்கா கீசர் போடப் போறாவ?"

உண்மை என்னவென்றால், லடாக்கில் பாண்டிதுரை குளித்தது வாரத்துக்கு ஒரு நாள். அதுவும் லங்கர் என்கிற பட்டாளச் சமையற்கூடத்து அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில், ஒரு டின். கோடாலியை அவர் தொட்டதே இல்லை. இதை இப்போது கொத்தனார் முன்னால் எப்படிச் சொல்வது? மீசை துடித்தது.

"கீசர் அவுட்டு," என்றார், அவரே.

ஷவரையும் டைல்ஸையும் மட்டும் மாரிக்கனி விட்டுவைத்தாள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி வேறு சொன்னார்.

"தள்ளுன சாமான என்ன பண்ணுவீக பட்டாளத்துல?"

"ஸ்டோர்ல ஜமா பண்ணுவோம்."

"அப்ப அடுப்படியில ஜமா பண்ணிருவோம். அங்கதான் எடம் கெடக்கு. சாமான் மேல புகை படியும், நான் கொல்லையில கொட்டகை போட்டு ஆக்கிக்கிடுதேன். நீங்க கீழ வேலையப் பாருங்க."

மூன்று வாரம் வேலை நடந்தது. பாண்டிதுரைக்கு அடுப்படிப் பழக்கம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ரெண்டே தடவைதான் உள்ளே போயிருக்கிறார், ரெண்டும் பாம்பு வந்தபோது. காபி நாற்காலிக்கே வந்துவிடும். ஒருநாள் மட்டும், "ஏட்டி, டிரில்லு சத்தம் மேல கேக்குத மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"கீழ தட்டுனா மேல கேக்கத்தான் செய்யும்," என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

ஆடி பிறந்து, மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கிய ஒரு காலையில் கீழ் பாத்ரூம் திறப்பு விழா நடந்தது. ஏழு படி இறங்கினார். வெள்ளைச் சுவர். வெள்ளைத் தரை. தலைக்கு மேல் ஷவர். வேறு ஒன்றுமே இல்லை. வீடியோவில் பார்த்ததைவிட ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்தினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

துண்டைத் தொங்கவிட ஆணி இல்லை. தோளிலேயே போட்டுக்கொண்டார். ஷவரைத் திறந்ததும் துண்டு நனைந்தது. தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில், லடாக்கில் ஐஸை உடைத்தவர் "எம்மா!" என்று அலறினார். சோப்பை வைக்க மாடம் இல்லை, தரையில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை வாயில் உட்கார்ந்தது. காற்று போக வழியில்லாமல் ஈரம் முட்டியது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் நின்று பார்த்தார். யாரும் கதவைத் தட்டவில்லை. உள்ளே யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. பல் தந்தியடித்தது.

இது அநியாயம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு குடும்பத் தலைவன், பென்ஷன்காரன், இந்தக் குளிரில் விறைத்துச் சாக வேண்டுமா? ஆர்டர் போட்டவனுக்கு ஆர்டரை ரத்து பண்ணவும் அதிகாரம் உண்டு. ஈர வேட்டியோடு ஏழு படியும் ஏறினார். கீசரும் வேண்டும், காத்தாடியும் வேண்டும், எல்லாம் இப்போதே கீழே இறங்க வேண்டும். வாழ்க்கையில் மூன்றாவது முறையாக அடுப்படிக்குள் காலை வைத்தார்.

வெள்ளை டைல்ஸ் பதித்த சுவருக்குச் சுவர் கறுப்புக் கல் பளபளத்தது. அதன் நடுவில் அந்த ஆழமான பேசின். அதில் மீன்சட்டி. கொக்குக் குழாயிலிருந்து ஆவி பறக்க வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. தாளிப்புப் புகையை எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமே இல்லாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாரிக்கனி பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓரமாக ஹபீப் ரகுமான் உட்கார்ந்து மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கழத்துங்க!" பாண்டிதுரை கத்தினார். "கல்லு, கீசரு, அம்புட்டும் கீழ போகணும்!"

"கல்லு கீழ சேராதே அண்ணாச்சி," என்றார் ஹபீப் ரகுமான் பொறுமையாக. "ஒம்பது அடியில்லா. இந்த அடுப்படி அளவுக்கு அறுத்தது."

"அடுப்படி அளவ எவன் குடுத்தான்?"

"மதினிதான். வைகாசியிலயே குடுத்துட்டாகளே."

"வைகாசியா? நான் சபதம் போட்டதே ஆனியிலதான்!"

மாரிக்கனி திரும்பாமல் சொன்னாள்: "நீங்களா ஒரு வழிக்கு வருவீகன்னு ஒரு மாசம் காத்துக் கெடந்தேன். ஈரத்தோட நிக்காதீக, தரையெல்லாம் சொட்டுது."

பாண்டிதுரை கொத்தனாரின் வேலை நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். 'மிலிட்டரி அண்ணாச்சி வீடு. அடுப்படி. கல், தொட்டி, வெள்ளை டைல்ஸ், கீசர்.' அடுத்த பக்கத்தில் வேறு யாருடைய வீடோ தொடங்கியது.

"எங்க என் பாத்ரூமு? கீழ மூணு வாரமா வேலை நடந்துச்சே, அது எங்க எழுதியிருக்கு?"

ஹபீப் ரகுமான் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அது மிஞ்சுன டைல்ஸ், அண்ணாச்சி."