கருநண்டுக்கு ஒரு மனு

புயலில் படகை இழந்தவர்கள் நிவாரணப் படகு கேட்டு மனுச் செய்யலாம். இழந்த படகை மட்டும் நேரில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது விதி.

சுண்ணாம்புக்குளத்துப் பச்சைமுத்துவின் படகு எண்பத்து நாலாம் வருஷத்துப் புயலில் கடலோடு போய்விட்டது. அவன் பிறத்தியார் படகில் கூலிக்குப் போனான். அவன் பெண்டாட்டி அம்மணி இரண்டு வருஷம் நிவாரண ஆபீசுக்கு நடந்தாள்.

"படகு எங்கம்மா?" என்பார் சூப்பிரண்டு லோகநாதன்.

"கடலுக்கடியில கீதுங்க."

"கண்ணால பாக்காம மூழ்கிடுச்சுனு நான் எப்படி எழுதறது?"

அந்த வருஷம் பஞ்சாயத்து டிவியில் இந்தித் துப்பறியும் தொடர் ஒன்று ஓடியது. அதில் 'கருநண்டு' என்றொரு சதிகாரக் கூட்டம். உலகத்தை அழிப்பது அவர்கள் இலட்சியம். தலைமையகம் ஆழ்கடலுக்கு அடியில். கறுப்புக் கண்ணாடி போட்ட தலைவன் பொத்தானை அமுக்குவான். கேட்டது வந்து நிற்கும்.

அம்மணி மறுநாளே பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் மனு எழுதும் ஜலீல் பாயிடம் போனாள்.

"பாய், கருநண்டுக்கு ஒரு மனு எழுதிக் குடு."

"அவுங்க கெட்டவங்கம்மா. அதுவும் டிவியில வர்றவங்க."

"இருக்கட்டும். கடலுக்கடியிலதான ஆபீசு வச்சிருக்காங்க? எங்க படகு அங்க கெடக்குதுனு பாத்து ஒரு சர்டிபிகேட் குடுத்தா போதும்."

ஜலீல் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக அவளுக்கு அவர் எழுதிக் கொடுத்த மனு எதுவும் பலிக்காத குறை இருந்ததால் எழுதினார். பழக்க தோஷத்தில் கீழே 'நகல்: நிவாரண அலுவலகம்' என்றும் சேர்த்தார். அசலுக்கு விலாசம் இல்லாததால் நகல் மட்டும் தபாலில் போயிற்று.

லோகநாதன் வீட்டில் டிவி கிடையாது. நகலைப் படித்ததும் அவருக்கு வியர்த்தது.

"இந்தக் கருநண்டு எந்த டிபார்ட்மெண்டுய்யா?"

குமாஸ்தா அங்கமுத்து ஒரு வாரம்கூட விடாமல் தொடரைப் பார்ப்பவர். தெரிந்ததைச் சொன்னார்.

"உலகம் பூரா கிளை இருக்குது சார். தலைவர் கோச்சுக்கினா ஆளையே காணாமப் பண்ணிடுவாரு."

"டெல்லியா?"

"அதுக்கும் மேல சார்."

பத்தாம் நாள் புதுப் படகு வந்தது. 'விஷயம் கருநண்டின் பரிசீலனையில் இருப்பதால் மேற்படி படகு மூழ்கியதாகவே கருதப்படுகிறது' என்று உத்தரவு சொன்னது. பச்சைமுத்து படகைத் தடவித் தடவிப் பார்த்தான். அம்மணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

விஷயம் பரவியதும் பழவேற்காட்டு ஏரிக்கரை முழுக்க மனுப் போட்டது. எல்லாம் திரும்பி வந்தன: 'கருநண்டின் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.'

ஊரார் கூடிப் பேசி, ஜலீல் பாயையே கருநண்டின் பழவேற்காடு கிளைக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். மேசை, ரப்பர் ஸ்டாம்பு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஊர்ச் செலவு. கேட்டவருக்கெல்லாம் சான்றிதழ் அடித்துக் கொடுப்பதென்று ஏற்பாடு.

இரண்டு வாரம் கழித்து அம்மணி தன் தம்பி அர்ஜுனனுக்காக வரிசையில் நின்று மேசைக்கு வந்தாள்.

"பாய், தம்பி படகும் அதே புயல்லதான் போச்சு. ஒரு சர்டிபிகேட் குடு."

ஜலீல் பாய் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கடலுக்கடியில விசாரிக்கணும்மா. ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும்."

"பாய், ஹெட் ஆபீசுன்னு ஒண்ணு..."

"சத்தம் போடாத. ஓரமா நில்லு."

அம்மணி ஓரமாக நின்றாள். அடுத்த ஆள் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மனுவை இரண்டு கையாலும் நீட்டினான்.