படகில் போட்ட துண்டு

"எல்லாருக்கும் சீட்டு இருக்கு" என்று யார் சொன்னாலும் கண்ணாயிரம் நம்பமாட்டார். பொங்கல் சமயத்தில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர் அவர். அதனால் சென்னையில் ஏறிய உல்லாசக் கப்பல் மாமல்லபுரத்தைத் தாண்டியும், பக்கவாட்டில் தொங்கிய உயிர்காப்புப் படகுகளையே வெறித்துக்கொண்டிருந்தார்.

மினி லாரி ஓட்டுகிறவர். நீச்சல் தெரியாது. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மகள் திவ்யா டிக்கெட் எடுத்து, வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டாள்.

ஏறியதும் நடந்த பயிற்சியில் கேப்டன் மைக் பிடித்தார். "பயப்பட ஒண்ணுமே இல்லை. அப்படியே ஏதாவது ஆனாலும், உங்க எல்லாரையும் இறக்கிட்டுக் கடைசியாத்தான் நான் இறங்குவேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாயிரம் மட்டும் படகுகளை எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணும் ஆவாதுன்னா, இத இன்னாத்துக்கு சொல்றாரு?"

"பேசாம வாய்யா. நாஸ்தா ஆறிடும்" என்றாள் மனைவி ஆராயி.

கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திவ்யா போனில் அனுப்பியிருந்தாள். தட்டில் மலையாகக் குவிக்காதீர்கள். ஈர உடையோடு லிஃப்டில் ஏறாதீர்கள். நீச்சல் குளத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்காதீர்கள்.

படித்ததும் கண்ணாயிரத்துக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"நாற்காலில போடாதன்னுதான் கீது. லைஃப் போட்டுல போடாதன்னு இல்லியே."

ஒரு படகைத் தளத்துக்கு நேராக இறக்கி, கதவைத் திறந்துபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் ஊழியர் ஸ்டான்லி. புதுப்பட்டினத்துக்காரர். அவர் தண்ணீர் பிடிக்க நகர்ந்ததுதான் தாமதம். பஸ் ஜன்னலில் வீசிப் பழகிய கை அல்லவா, தோளில் கிடந்த சிவப்புத் துண்டு கதவுக்குள் போய்ச் சீட்டில் விழுந்தது. கண்ணாயிரத்துக்கு அப்போதுதான் மூச்சே சீராக வந்தது.

"அப்ப எனுக்கு?" என்றாள் ஆராயி.

அறைக்கு ஓடிக் குளியலறைத் துண்டைக் கொண்டுவந்து வீசினார். பதற்றத்தில் குறி தப்பியது. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டது.

பக்கத்து அறை லதா, வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, யாரோ வுழுந்துட்டாங்க" என்று அவள் போட்ட கூச்சலில் அபாயச் சங்கு அலறியது. கப்பல் நின்றது. எல்லாரையும் மிதவைச் சட்டையோடு வரிசையில் நிற்கவைத்து எண்ணினார்கள்.

கண்ணாயிரத்துக்குக் கப்பல் முழுகும் என்ற பயம் போய், முழுகாவிட்டால் மாட்டிக்கொள்வோமே என்ற பயம் வந்துவிட்டது.

ஆள் யாரும் குறையவில்லை. மிதந்தது வெறும் துண்டுதான் என்று தெரிந்தது. "அப்ப துண்டை வீசினது யாரு? கண்டுபிடிங்க" என்று அதிகாரி ஒருவர் உறுமினார்.

"சிவப்புத் துண்டப் பாத்தா நீதான்னு கண்டுபுடிச்சிடுவாங்க. போய் எடுத்துகினு வா" என்று ஆராயி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நடுக்கடலில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்று யோசித்தபடியே கண்ணாயிரம் பதுங்கிப் பதுங்கிப் படகை அடைந்தார். கதவுக்குள் கையை விட்டுத் துழாவும்போது, பின்னால் ஸ்டான்லி நின்றார்.

"தம்பி, பயத்துல சீட்டுப் புடிச்சிட்டேன். மாட்டி வுட்றாத."

ஸ்டான்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சத்தம் போடாம எடுத்துகினு போ அண்ணாத்த."

ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கணீரென்று கேட்டது. "பயணிகளே, பயப்பட ஒண்ணுமே இல்லை."

கண்ணாயிரம் கிடைத்ததை வாரி இழுத்தார். சிவப்புத் துண்டோடு, கதவோரச் சீட்டில் கிடந்த நங்கூரப் படம் போட்ட வெள்ளைத் துண்டும் சேர்ந்து வந்தது. "இது நம்முது இல்லியே" என்று முழித்தார்.

ஸ்டான்லி வெடுக்கென்று அவர் கையைப் பிடித்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அத மட்டும் இருந்த எடத்துலயே போட்டுரு அண்ணாத்த. கப்பல் கெளம்பறதுக்கு மின்னாடியே கேப்டன் போட்டு வச்சது."