கூரையில் உறைபனி உண்டா?

அமெரிக்காவில் மினசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள, வீட்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சூளை வைத்திருப்பார்கள். அதற்கு ஃபர்னஸ் என்று பெயர். குளிர் உச்சத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து அது நின்றுபோகும். உடனே வீட்டுக்காரர்கள் ஓர் எண்ணுக்குப் போன் செய்வார்கள். அந்த மணி ஹைதராபாத்தில், மாதாப்பூரில், நான் மேற்பார்வை பார்க்கும் கால்சென்டரில் அடிக்கும். நான் சொல்வது 2005ஆம் ஆண்டுச் சமாச்சாரம்.

நான் ஃபர்னஸை நேரில் பார்த்ததில்லை. பயிற்சி அறையில் அதன் படம் ஒன்று மாட்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு துரை அதைப் பார்த்துவிட்டு, தலைகீழாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆனால் ஃபர்னஸ் நின்றுபோனால் என்ன பேச வேண்டும் என்பது பற்றி இந்தத் துணைக்கண்டத்தில் என்னைவிட அறிந்தவர் யாருமில்லை. அதற்கான கேள்விகள் அனைத்தையும் எழுதியவன் நான்தான். வரதராஜன் என்ற பெயர் அமெரிக்க வாயில் நுழையாது என்பதால் ஆபீசில் எனக்கு வாரன் என்று பெயர்.

என் மாமனார் வைத்தியநாதனுக்கு இதில் அபாரப் பெருமை. மாயவரம் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க மாப்பிள்ளை அமெரிக்காவுல வீடுவீடா சூடு பண்ணிக் குடுக்கிறார்" என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருந்தார். மாமியார் காலமானதிலிருந்து தனியாகவே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவரை, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பொங்கலுக்கு ஹைதராபாத்தில் எங்கள் சைனிக்புரி வீட்டுக்கு வரவழைத்திருந்தாள் என் மனைவி கிரிஜா. அவர் வந்து இறங்கிய மறுநாள் எங்கள் வீட்டு கீசர் நின்றுபோனது.

மாமனாருக்குக் குளிக்காமல் காபி இறங்காது. பச்சைத் தண்ணீரில் குளித்தால் மூச்சு வாங்கும்.

"தெரு முனையில எலக்ட்ரீஷியன் இர்ஃபான் இருக்காரே, கூப்பிடுங்களேன்" என்றாள் கிரிஜா.

"வாரண்டி இருக்கு. வெளியாள் கை வச்சா போயிடும். எதுக்கும் ஒரு முறை இருக்கு, கிரிஜா. முறையை எழுதறவனே முறையை மீறலாமா?"

"அதுவரைக்கும் வெந்நீர்?"

"அடுப்புல வை."

"சிலிண்டர் காலியாயிடுங்க. அடுத்தது புக் பண்ணி வச்சிருக்கேன், அவன் எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. பொங்கலன்னிக்குத் தீர்ந்துட்டா?"

நான் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தேன். துறை வல்லுநர்கள் பாமரரைப் பார்த்துச் செய்யும் புன்னகை அது. பிறகு கீசர் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"வணக்கம், நான் வனெஸா. தங்கள் அசௌகரியத்தை நான் முழுமையாக உணர்கிறேன்" என்றது இங்கிலீஷில் ஒரு பெண் குரல்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது நான் எழுதிய வாக்கியம். 'முழுமையாக' என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு இரண்டு கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். எங்கள் கம்பெனி அந்த நடைமுறையை அப்படியே கீசர் கம்பெனிக்கு விற்றுவிட்டது பிறகுதான் தெரிந்தது.

"தங்கள் கூரையில் ஓரடிக்கு மேல் உறைபனி உள்ளதா?"

"அம்மா, நான் சைனிக்புரியிலேருந்து பேசறேன்."

"உண்டா, இல்லையா என்று சொன்னால்தான் சார் அடுத்த கேள்வி திறக்கும்."

"இல்லை."

"மகிழ்ச்சி. உறைபனி இல்லாவிட்டால் குளிர்காலம் இல்லை. குளிர்காலம் இல்லாவிட்டால் அவசரம் இல்லை. அவசரமில்லாத புகார்கள் வசந்தகாலத்தில் கவனிக்கப்படும்."

போனை வைத்தேன். என்ன அழகான தர்க்கம்! எழுதும்போது இவ்வளவு அழகாகத் தெரியவில்லை. மறுபடி போன் செய்து, கூரையில் உறைபனி உண்டு என்றேன்.

"வருந்துகிறேன் சார். உறைபனி அகற்றப்படும்வரை எங்கள் ஊழியரை அனுப்ப முடியாது. வழுக்கி விழுந்துவிடுவார்."

அதுவும் நான் எழுதியதே. அதற்காக அந்த வருஷம் பாதுகாப்புக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஆக, அன்று முதல் அரசாங்கத்துக்கே தெரியாமல் சைனிக்புரியில் உறைபனி பெய்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமனார் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் கண்கள் பளபளத்தன.

"மாப்பிள்ளை, இது எங்க தாலுகா ஆபீஸ்னா! நாங்க 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு வரி எழுதி அனுப்புவோம். நீங்க அதையே இங்கிலீஷ்ல சிரிச்சிண்டு சொல்றேள். ஏசி வேற. சபாஷ்! உறைபனியை எடுத்தாச்சுன்னு ஒரு சான்றிதழ் வாங்கிக் குடுத்துடுங்கோ."

சான்றிதழ் கொடுக்கக்கூடியவர் காலனி நலச்சங்கத் தலைவர் கர்னல் ஆண்டனி. வேலூர்க்காரர், பட்டாளத்திலிருந்து வந்து திருமுல்கேரியிலும் சைனிக்புரியிலுமாக ஆயுசில் பாதியைக் கழித்தவர். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் அளவுகோலுடன் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி, நாலு மூலையிலும் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஹவ், மேல ஒண்ணும் இல்ல. இல்லன்னு எழுதித் தர்றேன்."

"இல்லைன்னு வேண்டாம் சார். இருந்தது, எடுத்தாச்சுன்னு வேணும்."

"நக்கோ! இல்லாத பனியை எடுத்தேன்னு எழுதவா? நான் சியாச்சின்ல நின்னவன்யா. பனின்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

நேர்மையானவர்களால் இந்த நாட்டில் எவ்வளவு தொல்லை! மாமனார்தான் பேனாவை வாங்கினார். முப்பது வருஷ அனுபவம் அந்தக் கையில் இறங்கியது. 'மேற்படி கூரையில் உறைபனி இருந்திருக்குமாயின், அது தற்போது காணப்படவில்லை' என்று எழுதினார்.

கர்னல் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பொய் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளுக்கு ஒரு சல்யூட்டும் வைத்தார்.

ஃபாக்ஸ் அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்! 'ஊழியர் அனுப்பப்படுமுன் ஒரு சிறு தொலைபேசி விசாரணை நடைபெறும்' என்று பதில் வந்தது. மாமனார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரிஜா மட்டும் அடுப்பில் அண்டாவை வைத்தபடி, சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அது சுலபமாகத் தூக்க வந்தது.

"இர்ஃபான் நேத்துகூட இந்தப் பக்கமா போனார்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"முடியற நேரத்துல முறையைக் கெடுக்காதே" என்றேன்.

பொங்கலன்று காலை. புதுப்பானை, மஞ்சள் கொத்து, பால். மாமனார் வெந்நீரில் குளித்துவிட்டு, வேட்டி சரசரக்க வந்து அடுப்பின் முன்னால் நின்றார். "உங்கம்மா பால் பொங்கறதுக்கு முன்னாடியே பொங்கலோ பொங்கல்னு கத்திடுவா" என்றார். கிரிஜா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பால் ஓரத்தில் நுரை கட்டியது. அடுப்பு நீலமாக ஒருமுறை துள்ளியது. அணைந்தது.

நுரை மெதுவாகப் பானைக்குள் இறங்கியது. கிரிஜா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அப்போது போன் அடித்தது. வனெஸா.

"சார், எங்கள் சேவைக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள்?"

"ஆளே இன்னும் வரலியே!"

"ஆள் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது விதி சார்."

ஆமாம், விதிதான். வேலை முடிந்தபின் கேட்டால் மனிதர்கள் வேலையைப் பற்றியே பேசுகிறார்கள், மதிப்பெண் குறைகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். பூஜ்யம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சார், நீங்க தமிழா?" குரல் சட்டென்று தணிந்து தமிழுக்கு மாறியது. "பின்னாடி பொங்கல்னு கேட்டுது. என் பேரு வசந்தகுமாரி. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தார். பொங்கலுக்கு லீவு கேட்டேன், குடுக்கலை. பத்துக்குக் குறைஞ்சா இந்த மாச ஊக்கத்தொகை போயிடும் சார். உங்க புகாரும் மறுபடி முதல் கேள்விக்கே போயிடும்."

"பத்து குடுத்தா?"

"வாடிக்கையாளர் முழுத் திருப்தின்னு ஆயிடும் சார்." கொஞ்சம் தயங்கினாள். "திருப்தியா இருக்கறவங்க வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க."

உலகத்திலேயே இப்படி ஒரு பொறியை நான் ஒருவன்தான் செய்திருக்க முடியும். அதற்குள் நின்றுகொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"பத்து" என்றேன்.

"ரொம்ப நன்றி சார். ஹாப்பி பொங்கல்" என்றாள். அழுகிறாளோ என்று தோன்றியது.

மாமனார் அருகில் வந்தார். "பத்தா குடுத்தேள்?"

"ஆமா, மாமா."

"ரிட்டயர் ஆன அன்னிக்கு, வைத்தியநாதன் மேஜையில ஒரு ஃபைல்கூட பாக்கி இல்லைன்னு சொல்லி எனக்கு மாலை போட்டா."

"அப்ப ஃபைலெல்லாம்?"

"பீரோவுக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டு, அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கர்னல் வீட்டு அடுப்பில் கொண்டுபோய்ப் பொங்கலை இறக்கினாள் கிரிஜா. பால் பொங்கும்போது அங்கே கத்த வேண்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. மறுநாளே மாமனார் கிளம்பினார். ரயிலில் உட்கார்ந்ததும், "அடுத்த பொங்கலுக்கு நீங்க ரெண்டு பேரும் மாயவரம் வந்துடுங்கோ, மாப்பிள்ளை. எங்க ஊர்ல அவ்வளவா உறைபனி இல்லை" என்றார்.

அந்த வாரம் ஆபீசில் விழா நடந்தது. எங்கள் நடைமுறை இந்திய மண்ணிலும் வெற்றி பெற்றுவிட்டது என்று பெரிய திரையில் காட்டினார்கள். உறைபனியால் பாதிக்கப்பட்டும் முழுத் திருப்தி அடைந்த முதல் இந்திய வாடிக்கையாளர், சைனிக்புரி வரதராஜன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். வாரனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கிரிஜா அதைத் தட்டிப் பார்த்தாள். "மரம்தானே? அடுப்பெரிக்க ஆகும்" என்றாள்.

பண்டிகை லீவில் ஆள் குறைவாக இருந்ததால் அன்று ராத்திரி ஷிப்டில் நானே போன் எடுக்க வேண்டியிருந்தது. மினசோட்டாவிலிருந்து ஒரு கிழவி பேசினாள். ஃபர்னஸ் நின்றுவிட்டதாம். தனியாக இருக்கிறாளாம். பேசும்போது பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது.

"தங்கள் அசௌகரியத்தை நான் முழுமையாக உணர்கிறேன்" என்றேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அது உண்மையாக இருந்தது. திரையில் அடுத்த கேள்வி மினுக்கிக்கொண்டிருந்தது.

"தங்கள் கூரையில் ஓரடிக்கு மேல் உறைபனி உள்ளதா, அம்மா?"

"மூன்றடி இருக்கிறது, மகனே."

உறைபனியை அகற்றும்வரை ஆள் வர முடியாது என்ற விதியை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், எங்கள் சேவைக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டேன்.

"இதை வைத்துத்தானே உனக்குச் சம்பளம்?" என்றாள் அவள். "பத்து என்று போட்டுக்கொள்."

போட்டுக்கொண்டேன்.