கை பந்தின் ஒரு பகுதியே

மனித உடம்பில் கை எங்கே முடிகிறது என்று மருத்துவ உலகம் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கலாம். காரைக்காலில் அந்தக் குழப்பம் இல்லை. எங்கள் கடலோரக் கூடைப்பந்து நடுவர் பேரவை அதைத் தீர்த்துவைத்துவிட்டது. அதுவும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை. பேரவையின் செயலாளர் என்ற முறையில் அந்த வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை.

முதலில் விதி. ஆடுகிறவரின் கை பந்தின் மேல் இருக்கும்போது அந்தக் கை பந்தின் ஒரு பகுதி. பந்தைத் தட்டப்போய் அந்தக் கையில் பட்டால் ஃபவுல் இல்லை. ஆங்கில நூலில் இந்தச் சலுகை மணிக்கட்டுக்குக் கீழேதான். மணிக்கட்டிலோ அதற்கு மேலோ அடித்தால் நடுவர் விசில் ஊதியாக வேண்டும். ஆங்கிலேயர்கள் தோளிலிருந்து விரல்நுனி வரை உள்ள ஒரே உறுப்புக்கு ஆர்ம், ஹேண்ட் என்று இரண்டு பெயர் வைத்து வீணடித்தவர்கள். நான் விதிநூலைத் தமிழாக்கியபோது அந்த ஊதாரித்தனத்தைத் தவிர்த்தேன். தமிழில் எல்லாமே கைதான்.

நூலை வெளியிட்ட எங்கள் தலைவர் பஞ்சநாதன் இதைத் தமிழின் சிக்கனம் என்று வியந்தார். அவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மைதானத்தின் இரண்டு கம்பங்களும் அவர் உபயம். அவர் மகள் கீர்த்திகா பூவம் பெண்கள் அணியின் கேப்டன். இந்தத் தகவல்களுக்கும் பின்னால் நடந்தவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மாவட்ட இறுதி ஆட்டம் பூவத்துக்கும் காரைக்கால் நகர அணிக்கும். ஜெயிக்கிற அணியின் கேப்டனுக்குப் புதுச்சேரி மாநிலத் தேர்வில் நேரடி இடம் உண்டு. நகர அணியின் கேப்டன் அஸ்ஃபியா. கடைசி நொடிகளில் பூவம் ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அஸ்ஃபியா பந்தோடு ரிங்குக்கு எழும்பினாள். கீர்த்திகாவும் எழும்பினாள். மட்டையால் அடித்தது போல ஒரு சத்தம். பந்து ஒரு பக்கம் போயிற்று. அஸ்ஃபியா கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் நடுவர் தமிழ்ச்செல்வன் அனுபவம் போதாதவர். சட்டென்று விசில் ஊதிவிட்டார். இரண்டு ஃப்ரீ த்ரோ. தலைமை நடுவர் குஞ்சிதபாதம் நிதானமாக அவரிடம் வந்தார்.

“எங்க அடிச்சா?”

“கையில சார்.”

“அந்தக் கை பந்து மேல இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஆனா அடி விழுந்தது முழங்கைக்குக் கீழ சார்.”

“முழங்கைங்கிற பேர்லயே கை இருக்கே தம்பி.”

விசில் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்ச்செல்வனிடமிருந்து அந்த விசிலைப் பேரவையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவரை ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொள்ளும் உயர்ந்த பொறுப்பில் அமர்த்தியது. மைதானத்தில் இந்த வாக்குவாதத்தின் நடுவில் கீர்த்திகாவே வந்து, தான் அடித்தது உண்மைதான், பந்தில் அல்ல, கையில்தான் பட்டது என்று குஞ்சிதபாதத்திடம் சொன்னாள். ஆட்டக்காரர்கள் நடுவரின் முடிவில் தலையிடக் கூடாது என்று அவர் எச்சரித்து அனுப்பினார். பூவம் ஜெயித்தது.

மறுவாரம் டைல்ஸ் கடை மாடியில் விசாரணை. அஸ்ஃபியாவின் அம்மா அஜீசுன்னிசா எக்ஸ்ரேயோடு வந்திருந்தார். நாங்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தோம். எலும்பு தெளிவாக உடைந்திருந்தது. உடைந்த இடத்துக்கு டாக்டர் ‘முன்கை’ என்று எழுதியிருந்தார். இங்கேயும் கை இருந்ததைக் குஞ்சிதபாதம் சுட்டிக்காட்டினார். எனவே உடைந்தது பந்தின் ஒரு பகுதியே என்று ஒருமனதாக முடிவாயிற்று. பெண்ணின் வாப்பா சவுதியிலிருந்து தினமும் போன் பண்ணிக் கேட்கிறார், என்ன பதில் சொல்வது என்று அஜீசுன்னிசா கேட்டார். இந்த முடிவையே சொல்லலாம் என்றோம்.

அவர் எக்ஸ்ரேயை வாங்கி உறைக்குள் போட்டார்.

“எம் புள்ள கை பந்துன்னா, பந்தை ஒடச்சவங்க வேற பந்து வாங்கித் தரணும்லங்க?”

பேரவை கருணையற்றது அல்ல. அஸ்ஃபியாவின் வீட்டுக்கே போய்ப் புதுப் பந்து ஒன்றை வழங்கினோம். மாவுக்கட்டோடு இருந்ததால் அவளால் ஒரு கையைத்தான் நீட்ட முடிந்தது. பந்து நழுவி ஓடியது. புகைப்படத்துக்காக மறுபடி வழங்கினோம். அவள் எங்களிடம் தேர்வு என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். தேதியைச் சொன்னோம். மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மாநிலத் தேர்வுப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. கை விவகாரத்தில் பெயர் பெற்றுவிட்ட குஞ்சிதபாதம்தான் நடுவர். கீர்த்திகா பந்தோடு எழும்பினாள். மாஹேயிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தியும் எழும்பினாள். அதே சத்தம். கீர்த்திகாவின் முன்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

குஞ்சிதபாதம் விசிலை வாயில் வைக்கவில்லை. இந்த நேர்மையை நான் எங்கும் கண்டதில்லை. தலைவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டத்துக்கு நடுவே ஓடி வந்தார்.

“ஃபவுல் குடுய்யா. புள்ள கை வீங்கிக் கெடக்குது பாரு.”

“கையிலதானேங்க பட்டுச்சு,” என்றார் குஞ்சிதபாதம்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். குஞ்சிதபாதத்துக்குச் சால்வை போர்த்தி, அவர் கேட்காத ஓய்வை வழங்கினோம். பிறகு விதியைத் திருத்தினோம். இனி கை மணிக்கட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்; மணிக்கட்டும் அதற்கு மேலே உள்ளதும் உடம்பு; உடம்பில் அடிப்பது ஃபவுல். உலகமெங்கும் இருக்கிற விதியை நாங்கள் சுயமாகக் கண்டுபிடித்ததில் தலைவருக்குக் கண்கள் கலங்கின. ஸ்கோர் போர்டுப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன், அப்படியென்றால் அஸ்ஃபியாவுக்கு நடந்தது என்ன என்று கேட்டார். அது நடந்தபோது அவளுக்கு மணிக்கட்டுக்கு மேலே கைதான் இருந்தது. உடம்பு இன்றிலிருந்துதான் என்று விளக்கினோம். கீர்த்திகா மட்டும் ஐஸ் கட்டியைக் கையில் அழுத்தியபடி, தன்னுடைய இடத்தை அஸ்ஃபியாவுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். வலியில் பேசுகிறாள் என்று தலைவர் அவளைக் காரில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

இந்த நல்ல செய்தியை அஜீசுன்னிசாவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். இனிமேல் எந்தத் தாயும் எக்ஸ்ரேயோடு எங்கள் மாடிப்படி ஏற வேண்டியிருக்காது, முன்கையில் அடித்தால் ஃபவுல்தான் என்றேன். அவர் மீனை அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இந்தத் தடவ யாரு புள்ள கைங்க?”

பேரவையின் தீர்மானத்தை ஒரே தடவையில் முழுமையாகப் புரிந்துகொண்ட பொதுஜனம் அவர் ஒருவர்தான்.