பங்கக்கா இட்ட கட்டளை

கல்முனையில் மரணத்தையே வாசலில் நிறுத்திவைத்த ஆள் ஒருவர்தான். அல்லாஹ் பிழை பொறுக்கட்டும். பங்கக்கா. பங்கு வேலை பார்ப்பதால் அந்தப் பெயர்; சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

பங்கு என்றால் ஒரு சுவாமியின், அதாவது பாதிரியாரின், பொறுப்பில் இருக்கிற கத்தோலிக்கச் சனம். எங்கள் பக்கத்தில் அவர்கள் கொஞ்சப்பேர். சுவாமி ஒருவர், கோயில் நாலைந்து. எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை, எல்லாம் முதலில் பங்கக்காவுக்குத் தெரியும். சுவாமிக்குப் பிறகுதான்.

நான் முஸ்லிம். அவர் பங்கு வேலைக்குப் போவது என் ஆட்டோவில். சந்தைக்குள் நுழைந்தால் தலையை வெளியே போடுவார்.

"டேய் சைமன்! ரெண்டு ஞாயிறு பூசையில காணல்ல. கோயில் இடம் மாறிப் போச்செண்டு நினைச்சியா?"

சைமன் மீன்பெட்டிக்குப் பின்னால் குந்திவிடுவான்.

எனக்கும் விலக்கில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நடுவழியில் நிறுத்தச் சொன்னார்.

"பாங்கு கேக்குது. தொழப் போகல்லியா?"

"உங்கள இறக்கிட்டுப் போறன் அக்கா."

"என்னச் சாட்டி அல்லாவ ஏமாத்தாத. போ மனே."

நான் தொழுது வரும்வரை பள்ளிவாசல் மதிலோரம் வெயிலில் குடை பிடித்து நின்றார். வெளியே வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

ஐஸ் கடைச் சேவியர் ஏழு வருசம் கோயில் வாசல் மிதிக்காதவர். மூச்சு இழுக்கத் தொடங்கியதும், சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று அழுதார். சுவாமியோ சம்மாந்துறைக்கு அப்பால். மோட்டார் சைக்கிள் பழுது.

பங்கக்கா கட்டிலருகே குனிந்தார்.

"சேவியர், சுவாமியக் கூட்டிட்டு வாறன். அதுவரைக்கும் நீ சாகப்படாது. விளங்கிச்சா?"

சேவியர் தலையாட்டினார்.

என் ஆட்டோவில் பறந்தோம். வழியில் நெல் ஏற்றிய ட்ரக்டர். பங்கக்கா போட்ட அதட்டலில் அது வயலுக்குள் இறங்கியே வழிவிட்டது.

சுவாமியோடு திரும்பினோம். சேவியர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். சுவாமி எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"எப்படி அக்கா? நீங்க சொன்னா உசிரும் நிக்குதே!" என்றேன்.

அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும் மனே. வழி நெடுகப் பயந்துதான் வந்தன்."

சுவாமி வெளியே வந்தார். "எல்லாம் சொன்னார். சாகுமுன் பூசுற எண்ணெயும் பூசினன். நிம்மதியாப் போயிட்டார்."

பங்கக்கா அப்படியே மணலில் இருந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. ஓடிப்போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன்.

ஒரு மிடறு குடித்தார்.

"இதென்னடா, சீனியே இல்ல! மனுசருக்குக் குடுக்கிற தேத்தண்ணியா இது? எந்தக் கடை? வா, நானே கேக்கிறன்!"

அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ்வுக்கே புகழ், என்று வாய்விட்டே சொன்னேன்.