அறுபத்து நான்கில் ஒன்று

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை நன்னடத்தை அலுவலர் சின்னத்தம்பி மூன்றாவது தடவையாகப் படித்தார். அதில் எதுவும் மாறியிருக்கவில்லை.

"எச்சரித்து விடப்படும் சிறுவர்களில் பாதிப்பேர் மறுபடி குற்றம் செய்வர் என்பது எமது கணிப்பு. உமது பிரிவில் ஆறு பேரில் ஒருவனும் செய்யவில்லை. ஈருறுப்பு நிகழ்தகவின்படி இதற்கான வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்று. தக்க விளக்கம் தராவிடில் மன்னாருக்கு மாற்றப்படுவீர்."

"என்னவாங்கையா?" என்று பியூன் மர்சூக் கேட்டார்.

"ஆறு தடவை காசைச் சுண்டி ஆறு தடவையும் தலையே விழுந்த மாதிரியாம். நம்ப மாட்டாங்களாம்."

"பயலுக திருந்தினது தப்பா?"

"கணக்குப்படி தப்பு."

பதினோரு வருடம் ஊர் ஊராக அலைந்தபின் இப்போதுதான் மனைவி லெட்சுமிக்குக் குழாய்த் தண்ணீர் உள்ள வீடு கிடைத்திருந்தது. 'பையன்கள் நல்லவர்கள்' என்று பதில் போட்டார். நல்லவர்களுக்குச் சூத்திரத்தில் இடமில்லை என்று மறுதபாலில் வந்தது.

பெருமூச்சு விட்டுவிட்டு, அந்த ஆறு பேரில் மூக்கன் என்பவன் மீண்டும் கோழி திருடியிருக்கக்கூடும் என்று எழுதினார். ஒருவன் என்றால் வாய்ப்பு அறுபத்து நான்கில் ஆறு, அதுவும் போதாது, மூவரென்றால் இருபது என்றது அடுத்த கடிதம்.

"மூணு பேருன்னே எழுதிடுங்கையா. அவங்களுக்குக் கணக்கு சரியாப் போகும், உங்களுக்கு மன்னார் தப்பும்" என்றார் மர்சூக்.

எழுதினார். மேலிடம் மகிழ்ந்து, மூவரையும் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்ப உத்தரவு போட்டது. அடியில் ஒரு குறிப்பு: ஆறு பேரும் ஒருவரோடொருவர் தொடர்பற்றவர்களாக இருந்தால்தான் சூத்திரம் செல்லும், நேரில் உறுதிசெய்க.

செய்யாத களவுக்கு மூன்று பிள்ளைகள். அன்று சின்னத்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை எல்லாவற்றையும் தபாலிலேயே விசாரித்து வந்தவர், மறுநாள் பொகவந்தலாவை பஸ் ஏறினார். ஆறு பேரும் ஒரே தேயிலைத் தோட்டம். அங்கே எந்தப் பெயரைச் சொன்னாலும் லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த வீரம்மாவின் வீட்டையே கைகாட்டினார்கள்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த வீரம்மா கூடையை இறக்கினாள். அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றாள்.

"இந்த ஆறு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமாம்மா? இல்ல, கூட்டாளிகளா?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்கையா. ஆறும் எம்மவன் ஒருத்தன்தாங்க, புடிபடுற ஊருக்கு ஊரு ஒரு பேரு சொல்லிருவான்."