நூற்றுப்பத்து கிலோ ரோலர்

காலை ஐந்து நாற்பது. சன்னல் திரையை விலக்கினேன். என் கார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பின்னால் தோளைக் கொடுத்து, ரோலர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த நண்பர் தள்ளிக்கொண்டிருந்தார்.

சிட்னியில் அவர் தள்ளிப் பார்க்காத பொருள் துறைமுகப் பாலம் ஒன்றுதான். டூங்காபிப் புறநகரில் சுகிர்தா அன்ரியின் வீட்டில் நானும் அவரும் ஆளுக்கோர் அறையில் குடியிருந்தோம். அவர் ரக்பியில் முன்வரிசை ஆட்டக்காரர். எதிரணியின் மலைகளோடு தோள் முட்டித் தள்ளுவதுதான் உத்தியோகம். மைதானம் கிடைக்காத நாட்களில் குசினியில் பயிற்சி.

"ரோலர்! பிரிட்ஜ் திரும்பவும் வாசலுக்கு வந்திட்டுது!"

"அது நல்லா எதிர்க்குது அன்ரி."

முப்பது வயதுவரை சின்ன அணிகளுக்கே ஆடியவரை அந்த ஆண்டு ஒரு பெரிய கிளப் கூப்பிட்டது. பயிற்சி தொடங்கும் நாளில் நூற்றுப்பத்து கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் ஓராண்டு ஒப்பந்தம். இல்லாவிட்டால் இல்லை. இந்த வயதில் இன்னொரு கிளப் கூப்பிடாது.

ரோலர் நூற்றுப்பன்னிரண்டு இருந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒப்பந்தம் கிடைக்க வேண்டுமென்று, கந்தசஷ்டியின் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடிப்பதாக நேர்த்தி வைத்துவிட்டார். எடை பார்ப்பது ஆறாம் நாள்.

"எடைக்காக நேர்த்தி வைச்சு எடையைக் குறைக்கிற ஒரே ஆள் நீதான்ரா" என்றார் அன்ரி.

"முருகன் பாப்பார் அன்ரி."

"முருகனே தராசில ஏறப் போறார்?"

ஆறாம் நாள் காலை, குளியலறைத் தராசு நூற்றேழு காட்டியது. பிரிட்ஜ் ஆறு நாளாக இடம் பெயரவில்லை. வீடு துக்க வீடு போலிருந்தது. திடீரென்று அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு லீட்டர் தண்ணி எத்தினை கிலோ?"

"ஒரு கிலோ ஆன்ட்டி."

"தண்ணி நேர்த்திக்குள்ளதானே?"

மூன்றரை லிட்டர் உள்ளே போனது. கிளப்புக்கு நான்தான் கார் ஓட்டினேன். வழியில் பதினான்கு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் ரோலர் முருகனை வேறு வேறு பெயரால் அழைத்தார்.

"மெதுவா அண்ணை, மெதுவா!"

"இதுக்கு மேல மெதுவா போனா கார் நின்னுடும்ப்பா."

தராசுக்கு முன் எட்டுப் பேர் வரிசை. ரோலர் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றார். முன்னால் நின்றவர் தன் புதுக் கார் பற்றி நிதானமாகக் கதை சொன்னார். ரோலர் கண்ணை மூடிக்கொண்டு அத்தனைக்கும் தலையாட்டினார்.

அவர் முறை வந்தது. நூற்றுப்பத்தும் கொஞ்சமும். ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார்கள். ரோலர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

பயிற்சியாளர் அந்தத் தராசருகே பல வருடம் நின்றவர். ரோலரின் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கதவைக் கைகாட்டிவிட்டு, தாளில் நூற்றுப்பத்து என்று எழுதினார். திரும்பி வந்த ரோலரை மறுபடி ஏறச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு முழுவதிலும் ரோலரை ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில், பதினொரு நிமிடம்தான் இறக்கினார்கள். பந்து அவர் கைக்கு வரவேயில்லை. தள்ளினார்.

அந்தப் பதினொரு நிமிடமும் டிவி முன்னால் அன்ரி கதிரையில் உட்காரவில்லை.